ஐந்தாவது தட்டு

டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவளின் காதில் முதலில் விழுந்தது கைதட்டலும் சிரிப்பும்தான்.

“அ... னஸ்... தீ...” உள்ளறையில் மாமியாரின் குரல் இழுத்தது.

“தீயிலயே நின்னுட்டியே!” மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. அனஸ்தீசியாலஜிஸ்ட். அவளுடைய வேலையின் பெயர். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்து, நோயாளி கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே நின்று உயிரைக் காக்கிற டாக்டர். அதை வைத்தா கேலி?

போன வருடம் குடியிருப்புச் சங்க ஆண்டு விழாவில் பட்டதே இன்னும் ஆறவில்லை. ஒவ்வொருவரும் மைக்கில் தங்கள் குடும்பத்தை அறிமுகப்படுத்த வேண்டும். “என் மகன் என்ஜினீயர்!” என்று முழங்கிய மாமியார், “மருமக... ஆஸ்பத்திரியில இருக்கா” என்று முடித்துக்கொண்டார். ஏதோ அட்மிட் ஆனவள் மாதிரி! உடம்புக்கு என்ன என்று இரண்டு பேர் அக்கறையாக விசாரிக்க வேறு செய்தார்கள்.

இன்று மாலை மறுபடியும் அதே விழா.

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். “நல்லாச் சிரிங்க அத்தை! என் படிப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சு, இல்ல?”

இருவரும் வெலவெலத்துப் போனார்கள்.

“ஐயோ, கேலி இல்லம்மா,” என்றார் மாமனார். “ஒரு வாரமா இதே பாடுதான். அந்தப் பேரைத் துண்டு துண்டா வெட்டி, ஏழு தட்டாத் தட்டிப் பழகறோம். அஞ்சாவதா வர்ற ‘யா’வுல ஓங்கித் தட்டணும். உங்க அத்தை மூணைத் தாண்டவே மாட்டேங்கறா.”

மாமியார் புடவைத் தலைப்பைத் திருகினார். “போன வருஷம் மைக்கைப் பிடிச்சதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. அதான் ஆஸ்பத்திரின்னு மழுப்பிட்டேன். வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்கவே முடியலம்மா.”

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுக்கா இவ்வளவு கஷ்டப்படறீங்க? மயக்க மருந்து டாக்டர்னு சொன்னாப் போதுமே அத்தை!”

“எப்படிப் போதும்?” மாமியார் நிமிர்ந்தார். “கண்ணு முழிச்சு நீ முழுசாப் படிச்சு வாங்கினதை, என் நாக்குக்கு வசதியா நான் பாதியாக்கணுமா? ஏங்க, முதல்லேருந்து தட்டுங்க!”