அடுத்த வாரப் பகுதி

அந்த மாடி அறையில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது: புதிய தொடரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லக் கூடாது.

“தொடரை நிறுத்தச் சொல்ற மனு தயார். நாலு பேரும் கையெழுத்துப் போட்டா அனுப்பிடலாம்,” என்றார் தலைவர். காப்பீட்டு முகவரான அவர், தவணை கட்டத் தவறியவரைப் பார்க்கும் அதே முகத்தோடுதான் புதிய தொடரையும் பார்த்துவந்தார்.

‘ஒளியாண்டுக்கு அப்பால்’ என்ற விண்வெளித் தொடரின் ரசிகர் மன்றம் அது. தொடர் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது. பிறகு நாடாக்கள் தொலைந்துபோயின. நினைவில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்ததால், அது ஆண்டுக்கு ஆண்டு மெருகேறிக்கொண்டும் போயிற்று. இப்போது தொலைக்காட்சி நிலையம் அதே பாத்திரங்களை வைத்துப் புதிதாக எடுத்து ஒளிபரப்புகிறது. பழைய ரசிகர்களுக்குப் பிடிக்காவிட்டால் பாதியிலேயே நிறுத்திவிடுவதாகவும் பெருந்தன்மையோடு அறிவித்திருந்தது. மன்றத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மாடிக்குச் சொந்தக்காரரான பல் டாக்டருக்கு மட்டும் அது நின்றுவிடுவதில் விருப்பமில்லை. கல்லூரிக்குப் போகும் மகள் அவரோடு ஒரே சோபாவில் உட்காருவது, வாரத்தில் புதிய தொடர் ஓடும் அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. “அப்பா, இரும்பன் செத்துடுவானா?” என்று தொடரின் இயந்திர மனிதனுக்காக அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கியதை இங்கே சொல்லிவிட்டு உறுப்பினராக நீடிக்க முடியாது.

“ஒரு நிமிஷம் தலைவரே. அடுத்த வாரப் பகுதி எங்கிட்ட இருக்கு. கேட்டுட்டு முடிவு பண்ணலாமே?”

“உங்களுக்கு எப்படி வந்துச்சு?” என்றார் இயற்பியல் டீச்சர்.

“நிலையத்துல ஒலிப்பதிவு பண்றவர் நம்ம பேஷண்ட். காலையிலதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன்.”

“ஓ, சித்திரவதை பண்ணி வாங்கினதா?”

“வலி போன சந்தோஷத்துல அவராக் கொடுத்தார் டீச்சர். படம் இல்லை, இசை சேர்க்கலை. வசனம் மட்டும்தான். நானே இன்னும் கேட்கலை.”

இந்த ஒரு பகுதியாவது இவர்கள் மனத்தைக் கரைத்துவிடாதா என்ற நப்பாசையோடு, கைபேசியை ஸ்பீக்கரோடு இணைத்தார் டாக்டர்.

“இரும்பா! எரிபொருள் தீர்ந்துவிட்டது. நாம் அழியப் போகிறோம். நீ ஏன் அழவில்லை?” என்று முழங்கினாள் விண்கலத் தளபதி.

“எனக்குக் கண்ணீர்ச் சுரப்பி பொருத்தப்படவில்லை, தளபதி,” என்றது இயந்திர மனிதன்.

“கேட்டீங்களா அநியாயத்தை!” டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “கண்ணீர்ச் சுரப்பியாம்! பழைய இரும்பன் இப்படி அசடு வழிவானா? அவன் சும்மா நின்னாலே நமக்கு அழுகை வரும்.”

“வரும்,” என்றார் தலைவரின் மச்சான், பிஸ்கட்டுக்கு இடையில். மன்றத்தில் அவருடைய பணி இந்த இரண்டும்தான்.

“குரலைப் பாருங்க டீச்சர். தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி,” என்றார் தலைவர். “பழைய குரல் என்ன குரல்! வெண்கலம்!”

“வெண்கலம் மாமா, வெண்கலம்.”

தளபதி விடவில்லை. சாகப் போகிற நேரத்தில் பிரபஞ்சத்தின் அமைதியைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்றினாள். பிறகு விண்கலத்தின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புவதாக அறிவித்தாள். காலம் பின்னே சென்றதாம். எரிபொருள் கலன் நிரம்பிவிட்டதாம்.

“கடிகாரத்தைத் திருப்பினா டாங்க் நிரம்பிடுமா?” டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். “அப்போ எங்க ஸ்கூல் வேனுக்கு எதுக்கு டீசல்? எட்டாங்கிளாஸ் பசங்க சிரிப்பாங்க. பழசுல ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு விஞ்ஞானம் இருந்துச்சு!”

“நம்மளை முட்டாள்னு நினைச்சுட்டானுங்க,” என்றார் தலைவர்.

டாக்டரை அதிகம் வருத்தியது இவர்கள் பேச்சு அல்ல. பகுதி உண்மையிலேயே படுமோசமாக இருந்தது. போன வாரம் வரை நன்றாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று என்ன கேடு வந்தது? தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டதை எண்ணி நொந்துபோனார்.

மூன்று கையெழுத்துகள் விழுந்தன. காகிதம் டாக்டர் முன் நகர்ந்தது.

“போடுங்க டாக்டர். இதைக் கேட்ட பிறகுமா யோசனை?”

டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

கைபேசி ஒலித்தது. ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டிக்காமலே எடுத்தார். பஞ்சு அடைத்த வாயிலிருந்து புறப்பட்ட ஒலிப்பதிவாளரின் குரல் அறை முழுவதும் கேட்டது.

“மன்னிச்சுக்கங்க டாக்டர். மரத்துப்போன மயக்கத்துல தப்பான ஃபைலை அனுப்பிட்டேன். அது புதுசு இல்லை. போன மாசம் கிடங்குல கிடைச்ச பழைய தொடரோட முதல் பகுதி. உங்களை மாதிரி ரசிகர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடிச்சிருப்பீங்க!”

மச்சானின் வாய் பாதி மெல்லலில் நின்றது.

“இப்போ யோசிச்சுப் பார்த்தா,” டீச்சர் மெல்ல உட்கார்ந்தார், “அந்தக் கடிகாரத்துல ஒரு ஆழமான...”

தலைவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மனுவை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். பிறகு, ஒருவர் முகத்தையும் பாராமல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

“புதுசு பிரமாதமா இருக்கு டாக்டர்.”