எண்பத்தோராவது ஆள்

"உள்ள இடமில்லைங்க. கொஞ்சம் வெளியே நில்லுங்க."

கறுப்புக் கோட்டின் மேல் மஞ்சள் பாதுகாப்புச் சட்டை மாட்டியிருந்த அந்தம்மா, வாசலுக்கு உள்ளே நின்றபடி கையை நீட்டி மறித்தாள்.

நார்மனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று பஸ் மாறி, மழையில் நனைந்து, பழைய தோழன் கிளிஃபின் துக்கத்துக்கு வந்திருக்கிறார். அடக்கம் முடிந்துவிட்டது. எல்லோரும் இந்த ஊர் மன்றத்து ஹாலில் டீயும் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்திருந்தார்கள். இதையும் தவறவிட்டால் வந்ததே வீண்.

"ஏம்மா, ஒரு ஆள் போனா ஹால் இடிஞ்சா விழும்?"

"எண்பது பேருக்குத்தான் அனுமதி. என்னையும் சேர்த்து எண்பது ஆயாச்சு. தீப்பிடிச்சா எல்லாரும் வெளியே வந்தாகணுமே! ஹாலைப் பார்த்துக்கறவ நான். வேற யாரும் முன்வரலைன்னு என் தலையில கட்டிட்டாங்க. ஏதாவது ஆச்சுன்னா சட்டப்படி நான்தான் பதில் சொல்லணும்."

அலுத்துச் சலித்த குரல். காலையிலிருந்து எத்தனை பேரிடம் இதைச் சொன்னாளோ!

"துக்கத்துக்கு வந்த இடத்துல சட்டமா? அந்தக் கிளிஃபே எழுந்து வந்தாலும் வாசல்லதான் நிறுத்தி வைப்பீங்க போல!"

"வந்தா நல்லாத்தான் இருக்கும்."

திமிரைப் பாரேன்! நார்மன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா பஸ் ஓட்டினோம். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, என் ராத்திரி ஷிஃப்டையெல்லாம் தனக்கு மாத்திக்கிட்டான். அப்ப நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலைம்மா நான். அவன் சம்சாரத்துக்கிட்டயாவது சொல்லலாம்னு வந்தேன். அதுக்கும் வழியில்ல."

அவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

"சரி, போங்க. ஒரு ஆள் வெளியே வந்தாச்சு. டீ ஆறிடப் போகுது" என்று வாசலுக்கு வெளியே ஒதுங்கி வழிவிட்டாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார் நார்மன்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த டிரெவர் என்ற இளைஞன் ஒரு கோப்பையை நீட்டினான்.

"தம்பி, கிளிஃபோட சம்சாரம் எங்கே உட்கார்ந்திருக்காங்க? நான் அவங்களைப் பார்த்ததில்ல."

"அவங்க எங்கே உட்கார்ந்தாங்க! இப்ப உங்களுக்கு இடம் விட்டுட்டு மழையில போய் நிக்கறாங்களே, அவங்கதான்."