மூன்று மணிப் படம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஜம்புநாதன் தானாகவே வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்ததில் மங்கையர்க்கரசிக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

செகந்திராபாத் பார்சல் ஆபீசில் சீனியர் கிளார்க். செய்தி பார்ப்பார், கிரிக்கெட் பார்ப்பார். சினிமா என்றால் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிற மனிதர்.

அன்றைக்கு அவரே தமிழ் சேனலை வைத்தார். கேபிள்காரனுக்குக் காலையிலேயே இரண்டு தடவை போன் செய்து, படம் தெளிவாக வருகிறதா என்று வேறு பார்த்து வைத்திருந்தார்.

"பழைய காமெடிப் படம். மூணு பேரும் சேந்து பாப்போம்" என்றார்.

மாதாப்பூர் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதமான மகள் ஹர்ஷிதா, அம்மாவின் மடியில் காலைப் போட்டுக்கொண்டு சோம்பலாகப் படுத்திருந்தாள்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் மங்கையின் வாய்க்குத் தனி மரியாதை. எந்த விசிடியை வாடகைக்கு எடுக்கலாம், எந்த சீரியலை இத்தோடு விட்டுவிடலாம் என்று அவளைத்தான் கேட்பார்கள். அழுகிற கதாநாயகி நடுவில் கம்மலைச் சரிசெய்வதும், செத்துக் கிடப்பவனின் வயிறு ஏறி இறங்குவதும் அவள் கண்ணில்தான் முதலில் படும். சொல்லியும் விடுவாள்.

படங்களைப் பார்த்துச் சிரித்ததைவிட, அவள் சொல்வதைக் கேட்டுத்தான் அந்த வீடு அதிகம் சிரித்திருக்கிறது.

நாற்பது நிமிடம் போயிருக்கும். ஹோட்டல் காட்சி வந்தது. கதாநாயகனின் நண்பன் சாப்பிட உட்கார்கிறான். சாம்பார் வாளியோடு வந்த சர்வர் வழுக்கி, வாளியை அவன் மடியிலேயே கவிழ்க்கிறான். பளாரென்று ஓர் அறை. சர்வர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறான். வசனம்கூடக் கிடையாது.

"ஐயே, முழியைப் பாரேன்! எதுக்குதான் இவனையெல்லாம் நடிக்கக் கூட்டிட்டு வர்றாங்களோ. வாளியை முதல்ல கவுத்துட்டு, அப்பறமா வழுக்கறான்!"

ஹர்ஷிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "மம்மி, யூ ஆர் டூ மச்!"

ஜம்புநாதனும் சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"உங்களுக்கு என்னங்க தெரியும்? வருஷத்துக்கு ஒரு படம் பாக்கறவரு."

"அதுவும் சரிதான்."

விளம்பரம் வந்தது. "போர் கொடுதோந்தி டாடி, மார்ச்சேஸ்தா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஹர்ஷிதா பாட்டு சேனலுக்கு மாற்றினாள். ஜம்புநாதன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பால் வாங்கி வருகிறேன் என்றார்.

பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று மங்கை சொல்வதற்குள் படி இறங்கிவிட்டார்.

போன் அடித்தது. கும்பகோணத்திலிருந்து அவர் தங்கை சாந்தா. பின்னால் கூட்டமாகப் பேச்சுக் குரல்கள்.

"அண்ணி! பாத்தீங்கள்ல, ஹோட்டல் சீனு? இங்க பக்கத்து வீட்டையெல்லாம் கூப்ட்டு வச்சுப் பாத்தோம். எங்க அண்ணன்? குடுங்க!"

மங்கைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

சாந்தா மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள். காலேஜ் முடித்துவிட்டு அண்ணன் மெட்ராஸில் எட்டு மாதம் சுற்றியது. கிடைத்தது அந்த ஒரே ஒரு காட்சி. ரயில்வே ஆர்டர் வந்ததும் அப்பா போய்க் கையோடு அழைத்து வந்தது. சினிமாவுக்குப் போனவன் என்று தெரிந்தால் பெண் தரமாட்டார்கள் என்று கல்யாணத்தின்போது மூச்சு விடாமல் இருந்தது.

"அண்ணிகிட்ட சொல்லிட்டியான்னு நேத்து கேட்டேன். நீ சும்மா இரு, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது, அவளே கண்டுபிடிக்கட்டும்னுச்சு. கண்டுபிடிச்சுட்டீங்கள்ல? என்ன சொன்னீங்க அண்ணி?"

மங்கை அப்புறம் பேசுவதாகச் சொல்லி ரிசீவரை வைத்தாள்.

மகள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிப் பழைய சேனலைத் தேடிப் பிடித்தாள். படம் ஏதோ கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தது. அந்த சர்வரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மீசை இல்லாத, ஒட்டிய கன்னம் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. சாம்பார் வாளி கண் முன்னால் அப்படியே வந்தது. முகம் வரவில்லை.

அரை மணி கழித்து ஜம்புநாதன் ஒற்றைப் பால் பாக்கெட்டோடு திரும்பினார்.

"சாந்தா போன் பண்ணிச்சு" என்றாள்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் எதையும் பூசி மெழுகாமல் சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கிய வாய். இப்போது அது நல்லதாக எதைச் சொன்னாலும் அதற்கு என்ன மதிப்பு என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

இருந்தும் சொன்னாள்.

"நல்லா பண்ணியிருந்தீங்க."

ஜம்புநாதன் பால் பாக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"தேங்க்ஸ்" என்றார்.

கல்யாணமான இந்த இருபத்து மூன்று வருடத்தில், அந்த வார்த்தையை அவர் வெளியாட்களிடம் சொல்லித்தான் அவள் கேட்டிருக்கிறாள்.