ஆளுக்கு ஒரு வீடு

"இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு. அவ்வளவுதான் மேடம்," என்று வக்கீல் நடாஷா பேனாவை நீட்டினாள்.

பேனாவை வாங்கிக்கொண்டாள் ஹுவீ பின்.

பாசிர் ரிஸ் பகுதியிலுள்ள கொண்டோ அடுக்குமாடி வீட்டில் பாதி அவளுடையது, பாதி கணவன் சூன் கியாட்டுடையது. கையெழுத்துப் போட்டால் முழுவதும் அவனுக்குப் போய்விடும். அதன்பிறகு அவள் பெயரில் வீடே கிடையாது. புதிதாக ஒன்று வாங்கினால் அது அவளுக்கு முதல் வீடு. இரண்டாவது வீட்டுக்கென்று போடுகிற கூடுதல் முத்திரை வரி வராது.

சிங்கப்பூரில் கொஞ்சம் விவரமான தம்பதிகள் செய்கிற வேலைதான்.

கணவன் மனைவியே ஆனாலும் விற்கிறவருக்கு ஒரு வக்கீல், வாங்குகிறவருக்கு இன்னொரு வக்கீல். கியாட் காலையிலேயே தன் வக்கீலிடம் போய்விட்டு வந்து, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மங்கலான கண்ணாடிக் கதவின் அடியில் அவன் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன.

விஷயம் கேள்விப்பட்ட அன்று, கியாட்டின் அக்கா சாப்பாட்டு மேசையில் நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பாருங்க, வாயே தெறக்காம ரெண்டு வீட்டுக்காரி ஆயிட்டா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. டிவி ரிமோட்டத் தவிர அது பேர்ல எதுவும் இல்ல."

அவள் புருஷன்தான் முதலில் சிரித்தார். பிறகு மேசையே சிரித்தது. அந்தக் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது.

கியாட்டும் ஹுவீ பின்னும்கூடச் சிரித்தார்கள். சிரித்துவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

"இதக் கேட்டே ஆகணும், தப்பா நெனைக்காதீங்க," என்றாள் நடாஷா. "யாரும் உங்கள வற்புறுத்தலையே?"

"இல்ல."

இரண்டு இடத்திலும் போட்டாள்.

நடாஷா தாள்களை அடுக்கினாள். வேலை முடிந்த சந்தோஷம் அவள் குரலில் இருந்தது. "புது வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க. என் ஃப்ரெண்டு ஏஜெண்டுதான். வெளிநாட்டுக்காரங்க நெறைய பேர் தேடுறாங்க."

"வாடகைக்கு இல்ல. நான் இருக்கப்போறேன்."

"ஓ! அப்ப பாசிர் ரிஸ் வீட்ட விடப்போறீங்களா?"

"இல்ல. அங்க கியாட் இருப்பாரு."

நடாஷாவின் கை தாள்களின் மேல் நின்றது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்று எழுந்துகொண்டாள் ஹுவீ பின்.

விவாகரத்து என்ற சொல்லை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. அவர்களுக்குள் சண்டை கிடையாது. வேறு ஆள் கிடையாது.

போன சீனப் புத்தாண்டின்போது, கீழே சிங்க நடனத்தின் மேளச்சத்தம் கேட்டிருக்கிறது. அவர்கள் மகன் ஜுன் யாங் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சன்னலில் ஏறியிருக்கிறான். பதினோராவது மாடி. ஐந்து வயது.

தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள் ஹுவீ பின். கியாட் வாசலில், சாப்பாடு கொண்டுவந்தவனிடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்தான்.

நீ வீட்டில்தானே இருந்தாய் என்று அவள் அவனை ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அந்த வீட்டில் இடம் போதவில்லை. பெட்டியோடு தன் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவேயில்லை.

வீட்டை விற்றுவிடலாம் என்றாள். கியாட் சொன்னான்: "வேற யாராவது குடிவந்து அந்த சன்னல்ல துணி காயப்போடுவாங்க, ஹுவீ பின். அத என்னால தாங்க முடியாது."

அவளால் அந்த வீட்டுக்குள் போக முடியவில்லை. அவனால் அங்கிருந்து வர முடியவில்லை. வரி மிச்சமாகும் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தபோது, இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

கதவைத் திறந்ததும் கியாட் எழுந்து நின்றான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவன் கைப்பேசியை எடுத்தான். எதையோ தேடுவதுபோல் அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அதுக்கப்புறம் சன்னலுக்குக் கம்பி போட்டாரே, அவர் நம்பர் இருக்கு. புது வீட்டுக்கும் வரச் சொல்லட்டுமா?"

"வேணாம், கியாட்."

அவன் நிமிர்ந்தான்.

"தரைத்தளம்தான் பாத்திருக்கேன்," என்றாள் ஹுவீ பின். "சன்னலத் தாண்டிக் கால வச்சா, புல்லு."

கியாட் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.