மூன்றாவது ஸ்பீக்கர்

அந்தப் பெண் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கிழிந்த ஸ்பீக்கரைக் கடைக்காரர் திருப்பிப் பார்த்தார்.

"கிட்டார் ஆம்ப்ளிஃபயரோடது. இதே அளவுல மூணு விதம் இருக்கும்மா. மாட்டி வாசிச்சுக் காட்டுறேன், கேளுங்க."

"ஒரு நிமிஷம்ண்ணே."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டாள்.

இருபது வருஷ வியாபாரத்தில் இப்படி யாரும் ஸ்பீக்கர் வாங்கி அவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக மாட்டி வாசித்தார்.

மூன்றாவதை வாசித்ததும் கதவு படாரென்று திறந்தது. "இதேதான்! அச்சு அசல் அதே சத்தம்!"

"எதுக்கும் உங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை கேக்கச் சொல்லுங்கம்மா."

"அவரா? அவருக்கு ஒழுங்கா விசிலடிக்கக்கூட வராது."

"அப்ப யாரு வாசிக்கிறது?"

"பக்கத்து வீட்டுக்காரர். ஒரு மாசமா சத்தத்தையே காணோம். நேத்து அவங்க வீட்டுக் குப்பைத்தொட்டியில இது கிடந்துச்சு. எங்க வீடே வெறிச்சோடிப் போச்சுண்ணே."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியைக் கட்டினார். "ரொம்பப் பழக்கமோ?"

அவள் தலையைச் சொறிந்தாள்.

"ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கேன். சத்தத்தை நிறுத்தித் தொலைங்கன்னு!"