மாற்றுக்கு இருந்த போர்ட்

ஒரு மருத்துவமனை சர்வரின் முதுகில், கேபிள் செருகும் போர்ட்டுகள் இரண்டு இருந்தன. மருத்துவமனைக்கு வெளியே போகும் செய்திகளையெல்லாம் மூத்தது அனுப்பும். அதற்கு ஏதாவது ஆனால் இளையது உடனே வேலையை ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இளையதற்கு உள்ளூரப் பயம். அதன் கேபிள் போய்ச் சேர்ந்த ‘சுவிட்ச்’ என்ற இணைப்புப் பெட்டியை வெளியே எதனுடனும் யாரும் இணைக்கவில்லை.

“அண்ணே, என் வழி முட்டுச்சந்து. சர்வர்கிட்டச் சொல்லிடட்டுமா?”

“கேபிள் செருகியிருக்குன்னு உன் விளக்கு எரியுதில்ல? அவர் அதை மட்டும்தான் பார்ப்பார். வாயைத் திறந்தே, கழட்டி எறிஞ்சுடுவாங்க,” என்று மூத்தது சிரித்தது.

இளையது பேசாமல் இருந்துவிட்டது. தான் பொய் சொல்லவில்லையே என்று தேற்றிக்கொண்டது.

ஒரு நண்பகலில் மூத்ததன் கேபிளை எலி கடித்துவிட்டது.

“தம்பி, இனி நீதான்,” என்றது சர்வர். “மூணாம் மாடியில பிரசவம். தாய்க்கு ரத்தம் வேணும்னு ரத்த வங்கிக்குச் சொல்லு, சீக்கிரம்!”

இப்போது உண்மையைச் சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே.

“சரிங்கய்யா,” என்றது இளையது.

செய்தி சுவிட்ச் வரை ஓடி, மேலே போக வழியில்லாமல் நின்றது.

“நல்லவேளை, நீ இருந்தே,” என்று பெருமூச்சு விட்ட சர்வர், அடுத்த செய்தியைக் கொடுத்தது. அதுவும் மூன்றாம் மாடியிலிருந்துதான் வந்திருந்தது: ரத்தம் ஏன் இன்னும் வரவில்லை?