பிளாட்பாரம் உயர்ந்த அன்று

ரயில் பெட்டியின் வாசலில் நின்று அவர் நீட்டிய கை, பாதியிலேயே நின்றது.

அவளும் கையைத் தூக்கியிருந்தாள். பழக்கம்தான்.

வாசலும் புதுப் பிளாட்பாரமும் ஒரே மட்டத்தில் இருந்தன. நடந்தே உள்ளே போய்விடலாம். ஊரே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, சிரித்துக்கொண்டு.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் தோள் துண்டைச் சரிசெய்தார்.

அவள் ஏறவில்லை.

மீட்டர் கேஜ் காலத்தில் இந்த ஸ்டேஷனில் யாரும் யாருக்கும் கை கொடுக்க வேண்டியிருந்ததில்லை. சின்ன வண்டி. தாழ்ந்த படி. அகலப்பாதை வந்தது, பெரிய பெட்டிகள் வந்தன. பிளாட்பாரம் மட்டும் மண்ணும் ஜல்லியுமாகத் தரையோடு கிடந்தது. ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அவளுக்கோ முட்டிவலி.

புருஷனும் பெண்டாட்டியுமாக வாழை இலைக்கட்டுகளோடு தினமும் காலை பாசஞ்சரில் திருநெல்வேலி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். அவர் முதலில் ஏறுவார். கட்டுகளை வாங்கி வைப்பார். பிறகு குனிந்து கை நீட்டுவார். அவள் பிடித்துக்கொள்வாள்.

பேச்சு நின்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை.

மகள் கனி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்குத் தெரியாமல் இவள் போய் மகள் பக்கத்தில் நின்று, அட்சதை போட்டுவிட்டு வந்தாள். அன்றோடு சரி. அதன்பின் வீட்டில் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் பசுமாட்டிடம் சொன்னார். கொழம்புல உப்பு இல்லை என்பதைக்கூட. அவள் பதிலை அடுப்பிடம் சொன்னாள்.

ரெண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

காலையில் வண்டி வரும். முகம் வேறு பக்கம் திரும்பியிருக்க, கை மட்டும் கீழே இறங்கி வரும். வாழைக்கறை படிந்து காய்த்துப்போன கை. ஒரு இழுப்பு.

அன்றைக்கு அது போதும்.

பிளாட்பாரத்தை உயர்த்தித் தரச் சொல்லி ஊர் கேட்டபோது அவளும்தான் சேர்ந்து கேட்டாள். வேலை முடிய முடிய, ஏனோ அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கார்டு விசில் ஊதினார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். சிமெண்ட் வாசம் போகாத பிளாட்பாரத்தைப் பார்த்தார். சொல்லியனுப்ப அங்கே மாடும் இல்லை.

"ஏறு, ஆவுடை. வண்டிய எடுத்துருவான்."

ஒரே எட்டுதான். உள்ளே வந்துவிட்டாள். தன் பெயரை அவர் குரலில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எதிரில் அவர். இன்னொரு வார்த்தை வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

வந்தவரைக்கும் போதும், இனி தன் முறை என்று தோன்றியது.

"மேலக்குளத்துல கனி நிப்பா," என்றாள். "தெனமும் நிப்பா, புள்ளையத் தூக்கிட்டு. வண்டி நிக்கிற அந்த ஒரு நிமிசம் ஜன்னல் வழியாப் பாத்துக்கிடுவேன்."

மேலக்குளம் வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம்தானா என்று அவள் கேட்டதில்லை.

இன்று அவர் கண்ணை மூடவில்லை. வயல்கள் போயின. தண்ணீர் தளும்பும் குளம் ஒன்று போயிற்று. வண்டி வேகம் குறைந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

அவள் கை காட்டினாள்.

மேலக்குளத்தில் பிளாட்பாரம் இன்னும் உயரவில்லை. கனி கீழே ஜல்லியில் நின்றிருந்தாள். ஜன்னலுக்கு எட்டும்படி பிள்ளையைத் தூக்கப் போனவள், வாசலில் அப்பாவைக் கண்டதும் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவர் கம்பியைப் பிடித்து இறங்கினார். கடைசிப் படியிலிருந்து குதித்தே விட்டார்.

கனி ஏதோ சொன்னாள். அவர் கை நீட்டினார். பிள்ளையை வாங்கிக்கொண்டார். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

விசில் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"யம்மா, ஒங்க வீட்டுக்காரரு கீழ நிக்காரு!" பக்கத்து சீட்டுக்காரர் பதறினார். "சத்தங் குடுங்கம்மா!"

கூப்பிட்டால் ஓடிவந்து ஏறிவிடுவார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

வண்டி நகர்ந்தது. இன்று ஜங்ஷனில் கட்டுகளை ஒற்றை ஆளாகத்தான் இறக்க வேண்டும்.

இறக்கிக்கொள்ளலாம்.